வயிற்றுப் பிள்ளையை அம்மாவின் உடம்பு ஏன் விரட்டுவதில்லை?

கோத்தகிரியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார். முதல் கர்ப்பம், ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. அவர் எழுதியதன் சுருக்கம்: "குழந்தையின் மரபணுவில் பாதி என் கணவருடையது. வேறொருவரின் சிறுநீரகத்தை வைத்தால் உடம்பு தள்ளிவிடுகிறது. குழந்தையை மட்டும் ஒன்பது மாதம் எப்படி விட்டுவைக்கிறது? கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும் என்கிறார்களே, அதனால்தானா? அப்படியானால் தடுப்பூசி போடலாமா? எனக்கு ஓ நெகட்டிவ், அவருக்கு பி பாசிட்டிவ். இதற்கு நடுவில் மாமியார், மலைக்குளிர் ஆகாது, பிரசவம் முடியும்வரை கீழே போய் இரு என்கிறார்."

முதலில் நேர் பதில். கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி படுத்துவிடுவதில்லை. அது செய்யும் வேலைதான் மாறுகிறது. எதிர்ப்பு செல்கள் கருப்பைக்குள் வந்து சரியாக வேலை செய்யாவிட்டால்தான் பல கர்ப்பங்கள் கெடுகின்றன. அந்தச் செல்களிடம் பேசி, என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் உறுப்பு நஞ்சுக்கொடி (பிளாசென்டா). மற்றதெல்லாம் இதன் விரிவு.

உங்கள் கேள்வியை விஞ்ஞானத்தில் முதலில் ஒழுங்காகக் கேட்டவர் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மெடாவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீக்காயம் பட்டவருக்குப் பிறருடைய தோலை ஒட்டினால் அது ஏன் நிலைப்பதில்லை என்று ஆராய்ந்தவர். 1960-ல் நோபல் பரிசு பெற்றவர். 1953-ல் அவர் எழுதிய கட்டுரையில் மூன்று விடைகளை முன்வைத்தார். தாய்க்கும் சேய்க்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கலாம். சேயின் செல்கள் அடையாளம் காட்டும் அளவுக்கு இன்னும் முதிராமல் இருக்கலாம். தாயின் எதிர்ப்பு அமைப்பே மந்தமாகியிருக்கலாம். இரண்டாவது தவறு என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூன்றாவதுதான் இன்றைக்கும் ஊரெல்லாம் உலவுகிறது, உங்கள் காதுக்கும் வந்திருக்கிறது. அதுவும் சரியில்லை. கர்ப்பிணியின் உடம்பு தடுப்பூசிக்கு நன்றாகவே எதிர்ப்பொருள் (அந்நியப் பொருளைப் பிடித்து முடக்கும் புரதம்) தயாரிக்கிறது. கணவர் வழியாகக் குழந்தைக்கு வந்த அடையாளங்களுக்கு எதிராகக்கூடப் பல தாய்மார்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது, குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. மெடாவர் சொன்னதில் முதலாவது பாதி சரி. தடுப்பு இருக்கிறது. ஆனால் அது வெறும் தடுப்பு அல்ல.

நஞ்சுக்கொடி அம்மாவின் உறுப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி குழந்தையுடையது. கரு உண்டாகி ஐந்தாறு நாளில் அது ஒரு சின்ன உருண்டையாக இருக்கும்போதே, உள்ளே இருக்கும் கொத்து குழந்தையாகும், வெளித்தோல் போன்ற அடுக்கு நஞ்சுக்கொடியாகும் என்று பிரிந்துவிடுகிறது. அந்த வெளி அடுக்குக்கு ட்ரோஃபோபிளாஸ்ட் என்று பெயர். ஆக அம்மாவின் எதிர்ப்பு செல்கள் நேராகச் சந்திப்பது குழந்தையை அல்ல, இந்த ட்ரோஃபோபிளாஸ்டை. சந்திப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது, இரண்டு இடத்திலும் முறை வேறு.

முதல் இடம், நஞ்சுக்கொடியின் விரல் போன்ற மெல்லிய நீட்சிகள். இவை அம்மாவின் ரத்தத்தில் நேரடியாகத் தோய்ந்து கிடக்கின்றன. குழந்தையின் ரத்தம் அந்த நீட்சிகளுக்குள்ளே தன் குழாய்களில் ஓடுகிறது. சொற்பக் கசிவைத் தவிர, இரண்டு ரத்தமும் கலப்பதில்லை. பிரசவ நாள் நெருங்கும்போது இந்த மேற்பரப்பை விரித்துப் போட்டால் பத்து சதுர மீட்டருக்கும் மேல் வரும். இவ்வளவு பரப்பும் ஒரே செல்லால் மூடப்பட்டிருக்கிறது என்பது ஆச்சரியம். கோடிக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று கரைந்து, நடுவே சுவரே இல்லாமல், எண்ணற்ற உட்கருக்களோடு ஒரே விரிப்பாகிவிடுகின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சந்து இருந்தால்தானே எதிர்ப்பு செல் நுழைந்து போக முடியும்? இங்கே சந்தே இல்லை.

இந்தக் கரைந்து சேரும் வித்தை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. செல்களை ஒட்டவைக்கும் அந்தப் புரதத்துக்கு சின்சிட்டின் என்று பெயர். 2000-ல் இதை அடையாளம் கண்டபோது, அது ஒரு பழைய வைரஸின் மரபணு என்று தெரிந்தது. பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்னால் நம் மூதாதைக் குரங்கினங்களைத் தொற்றிய ஒரு ரெட்ரோவைரஸ், அவற்றின் மரபணுவுக்குள்ளேயே தங்கிவிட்டது. செல்லுக்குள் நுழைய அந்த வைரஸ் வைத்திருந்த கருவியை நஞ்சுக்கொடி தனக்கு எடுத்துக்கொண்டது. எலிகளும் வேறு வைரஸ்களிடமிருந்து இதே வேலையைச் செய்யும் புரதங்களைத் தனியாகப் பெற்றிருக்கின்றன.

சரி, அந்த விரிப்பின் மேலே என்ன இருக்கிறது? அதைவிட, என்ன இல்லை என்பது முக்கியம். நம் உடம்பில் உட்கரு உள்ள செல்கள் எல்லாம் ஹெச்.எல்.ஏ. என்ற புரதங்களைத் தங்கள் மேல் காட்டிக்கொண்டிருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீரகம் மாற்றும்போது பொருத்தம் பார்க்கிறார்களே, அது இதைத்தான். அந்த விரிப்பின் மேல் ஹெச்.எல்.ஏ. கிடையாது. அப்பாவின் அடையாளமும் இல்லை, அம்மாவின் அடையாளமும் இல்லை. அந்நிய அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும் வெள்ளை அணுக்களான அம்மாவின் டி செல்கள் ரத்தத்தோடு வந்து உரசிக்கொண்டே போனாலும் அவற்றுக்குப் பிடிப்பு எதுவும் கிடைப்பதில்லை.

இரண்டாவது இடம்தான் சிக்கலானது. ட்ரோஃபோபிளாஸ்டின் ஒரு பகுதி, நீட்சிகளை விட்டு இறங்கி, கருப்பையின் சுவருக்குள்ளேயே நடந்து போகிறது. அங்கே அம்மாவின் செல்களும் குழந்தையின் செல்களும் பக்கத்தில் பக்கத்தில், தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அங்கே ஹெச்.எல்.ஏ. இல்லாமல் போனால் வேறொரு ஆபத்து. இதை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். கோத்தகிரி ஏறும் வழியில் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வெளியூர் வண்டியை நிறுத்தி, மலைக்கு வர அனுமதிச் சீட்டான இ-பாஸ் கேட்பார்களே, அங்கே இரண்டு பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாஸை வாங்கிப் பார்த்து, விவரம் வேறாக இருந்தால் மட்டும் பிடிப்பார்; பாஸே காட்டாமல் போகிற வண்டியை அவர் கண்டுகொள்வதில்லை. மற்றவர் பாஸ் இல்லாத வண்டியை மட்டும் பிடிப்பார். டி செல் முதல் ஆள். இயற்கைக் கொல்லி செல் இரண்டாவது ஆள், ஹெச்.எல்.ஏ. காட்டாத செல்லைக் கண்டால் அதற்குச் சந்தேகம். நடந்து போகும் ட்ரோஃபோபிளாஸ்ட் இந்த இருவரையும் தாண்டியாக வேண்டும்.

அது செய்வது இதுதான். ஆளுக்கு ஆள் அதிகம் மாறுகிற ஹெச்.எல்.ஏ. ஏ, பி இரண்டையும் காட்டுவதில்லை. அதனால் டி செல்லுக்குப் பெரிய துப்பு எதுவும் இல்லை. மாறாக, ஹெச்.எல்.ஏ. ஜி, ஈ என்ற இரண்டைக் காட்டுகிறது. இவை மனிதர்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பவை. உடம்பின் மற்ற செல்களில் ஹெச்.எல்.ஏ. ஜி பெரும்பாலும் கிடையாது. இந்த ட்ரோஃபோபிளாஸ்டில் அது இருப்பது 1990-ல் தெரியவந்தது. கொல்லி செல் அதைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொள்கிறது. இதோடு மூன்றாவதாக ஹெச்.எல்.ஏ. சி-யையும் காட்டுகிறது. இது ஆளுக்கு ஆள் மாறும், அப்பாவிடமிருந்தும் வரும். ஒளிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் இதை எதற்குக் காட்ட வேண்டும்? இந்த இடத்தில்தான் பழைய "தடுப்பு" விளக்கம் போதாமல் போகிறது.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கருப்பையின் உட்சுவரில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்தக் கொல்லி செல்கள்தான். ஒளிந்து பிழைக்க வேண்டிய இடத்தில் இத்தனை காவலர்களை யார் கூட்டி வைப்பார்கள்? பெயரில் கொல்லி இருந்தாலும் கருப்பையில் இருப்பவை பெரும்பாலும் யாரையும் கொல்வதில்லை. ரத்தத்தில் ஓடும் கொல்லி செல்களிலிருந்து தோற்றத்திலும் குணத்திலும் வேறானவை. வேதிச் செய்திகளைச் சுரந்து, ட்ரோஃபோபிளாஸ்ட் எவ்வளவு ஆழம் வரலாம் என்பதை ஒழுங்குபடுத்துகின்றன, ரத்தக் குழாய்களை மாற்றி அமைக்க உதவுகின்றன.

ரத்தக் குழாய் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாக்களின் உயிர் இதில் இருக்கிறது. கருப்பைச் சுவரில் சுருள் தமனிகள் என்ற மெல்லிய குழாய்கள் உண்டு. சாதாரண நாளில் அவற்றின் சுவரில் தசை இருக்கும், இறுகும், தளரும். கர்ப்பத்தில் ட்ரோஃபோபிளாஸ்டும் கொல்லி செல்களும் சேர்ந்து அந்தத் தசையை நீக்கி, குழாயைப் பல மடங்கு அகலமாக்கிவிடுகின்றன. அதன் பிறகு அம்மா பயந்தாலும் குளிரில் நடுங்கினாலும் அந்தக் குழாய்கள் இறுகாது. ரத்தம் அழுத்தமில்லாமல், மெதுவாக, நிறைய வரும். கடைசி மாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல். கொல்லி செல்கள் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் இந்தக் குழாய்கள் சரியாக விரிவதில்லை என்று 1990-களின் ஆய்வுகள் காட்டின.

இப்போது அந்த ஹெச்.எல்.ஏ. சி-க்கு வருவோம். அம்மாவின் கொல்லி செல்கள் மேல் அதைப் பிடித்துப் பார்க்கும் ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிகளும் பெண்ணுக்குப் பெண் மாறும். சிலருக்கு அடக்கும் வகை மட்டும் மேலோங்கி இருக்கும். சிலருக்குத் தூண்டும் வகையும் சேர்ந்து இருக்கும். கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட்டின் குழு 2004-ல் ஒன்றைக் கண்டது. அம்மாவிடம் அடக்கும் வகை மேலோங்கியிருந்து, குழந்தையிடம் அதை வலுவாக அழுத்தும் வகை ஹெச்.எல்.ஏ. சி இருந்தால், அந்த அம்மாவுக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயான ப்ரீஎக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு கூடுகிறது. பின்னாளில் அதே குழு இதன் மறுபக்கத்தையும் காட்டியது: தூண்டும் ஏற்பி இருந்து அதே வகை ஹெச்.எல்.ஏ. சி-யைச் சந்தித்தால் குழந்தையின் எடை கூடுதலாக இருக்கிறது.

இதை ஒருமுறை நின்று யோசியுங்கள். எதிர்ப்பு செல்களை அதிகமாக அடக்கினால் கர்ப்பம் கெடுகிறது. தூண்டினால் குழந்தை நன்றாக வளர்கிறது. "எதிர்ப்பு சக்தி குறைந்தால்தான் பிள்ளை தங்கும்" என்ற பேச்சுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டாம். அப்பாவின் அடையாளத்தை மறைக்காமல் காட்டுவதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்: அதைப் பார்த்துத்தான் அம்மாவின் செல்கள் வேலையின் அளவைத் தீர்மானிக்கின்றன.

குழாய்கள் சரியாக விரியாவிட்டால் நஞ்சுக்கொடி ரத்தப் பற்றாக்குறையில் தவிக்கும். ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து முடக்கும் ஒரு புரதத்தை அம்மாவின் ரத்தத்தில் நிறைய விடும். அது அம்மாவின் உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கும். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் போவது, சிறுநீரில் புரதம், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எல்லாம் இதன் வெளிப்பாடு. குழந்தையே உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் கொத்துக்கொத்தாக வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பத்தில்கூட இந்த நோய் வருகிறது. ஆக நோயின் வேர் நஞ்சுக்கொடியில்; அதை வெளியே எடுத்தால்தான் நோய் தணியத் தொடங்கும். இது முதல் கர்ப்பத்தில் அதிகம், இரண்டாவதில் குறைவு. வேறு பெண்ணின் கருமுட்டையை வாங்கி வைத்த கர்ப்பத்தில், அதாவது குழந்தை முழுவதுமே அம்மாவுக்கு அந்நியமாக இருக்கும்போது, இன்னும் அதிகம். எதிர்ப்பு அமைப்புக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதை இவையெல்லாம் சொல்கின்றன. அபாயம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவது பலன் தரும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள், அது போதும்.

டி செல்களை மறந்துவிட்டோம். அவற்றை ஏமாற்றினால் மட்டும் போதாது. கருப்பையில் வேறு ஏற்பாடுகளும் உண்டு. சாதாரணமாக ஒரு திசுவில் அழற்சி வந்தால் அது டி செல்களை அழைக்கும் வேதிச் செய்திகளை வெளியிடும். கர்ப்பக் கருப்பையின் சுவர்ச் செல்களில் அந்தச் செய்திகளுக்கான மரபணுக்களே பூட்டப்பட்டிருக்கின்றன என்று 2012-ல் எலிகளில் கண்டார்கள். நஞ்சுக்கொடி, ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் ஒரு நொதியையும் வைத்திருக்கிறது. அந்த அமினோ அமிலம் கிடைக்காத இடத்தில் டி செல் பெருக முடியாது. 1998-ல் அந்த நொதியைத் தடுத்தபோது, அப்பா வேறு இனமாக இருந்த எலிக் கருக்கள் கலைந்தன. அப்பாவும் அம்மாவும் ஒரே இனமாக இருந்தவை தங்கின. அப்புறம் ஒழுங்காற்று டி செல்கள். இவை மற்ற டி செல்களைக் கட்டுப்படுத்துபவை. கர்ப்பத்தில் இவை பெருகுகின்றன. இவற்றை நீக்கினால், அப்பா வேறு இனமாக இருந்த எலிகளில் கர்ப்பம் தங்குவதில்லை என்று 2004-ல் காட்டினார்கள். பிரசவத்துக்குப் பிறகும் இவற்றில் சில நினைவோடு தங்கி, அடுத்த கர்ப்பத்தில் வேகமாகப் பெருகுவதும் எலிகளில் தெரிந்திருக்கிறது. இரண்டாவது கர்ப்பம் சுலபமாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, இந்த ஏற்பாடு ஒன்பது மாதமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கரு ஒட்டிப் பதியும் ஆரம்ப வாரங்களில் கருப்பையில் அழற்சிதான் மேலோங்கி இருக்கும். நடு மாதங்களில் அமைதி. கடைசியில், வலி எடுக்கும் நேரத்தில், மறுபடி அழற்சி. பிரசவமே ஓரளவு எதிர்ப்பு அமைப்பின் வேலை. நீங்கள் இப்போது இருப்பது அந்த அமைதியான நடுப்பகுதி.

அப்படியானால் "எதிர்ப்பு சக்தி குறையும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? சும்மா வரவில்லை. இன்ஃப்ளூயன்சா, சின்னம்மை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ ஆகியவை கர்ப்பிணிகளுக்குக் கடுமையாக வருகின்றன. 2009-ல் பன்றிக் காய்ச்சலின்போது உலகம் முழுக்க இதைப் பார்த்தார்கள். நுரையீரலுக்கு இடம் குறைவது, இதயத்துக்கு வேலை கூடுவது, எதிர்ப்பு அமைப்பு சில பக்கம் தளர்ந்து சில பக்கம் இறுகுவது எல்லாம் சேர்ந்த விளைவு இது. இன்னொரு பக்கம், முடக்குவாதம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்தில் வலி குறைவதை 1930-களிலேயே பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் கவனித்தார். அந்தத் தடத்தைப் பிடித்துப் போனதுதான் கார்ட்டிசோன் சிகிச்சையும் 1950-ல் அவர் பெற்ற நோபல் பரிசும். அதே சமயம் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் கர்ப்பத்தில் கூடவும் செய்கிறது. ஒட்டுமொத்தமாகக் குறைந்தது என்றால் எல்லா நோயும் ஒரே திசையில் போக வேண்டும், போகவில்லை.

மலேரியா இதில் தனி வகை. மேட்டில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை; ஆனால் நீலகிரியின் அடிவாரக் காடுகளும் வயநாட்டுப் பக்கமும் ஒரு காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பேர்போனவை. விஷயம் என்னவென்றால், மலேரியா கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியின் மேலுள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்து அங்கேயே தேங்கிவிடும். சிறு வயதிலிருந்து மலேரியாவோடு வாழ்ந்து எதிர்ப்பு வளர்த்த பெண்ணுக்கும், நஞ்சுக்கொடி என்ற புதிய இடம் வந்ததும் அதற்கேற்ற எதிர்ப்பொருள் இருக்காது. முதல் கர்ப்பத்தில் கடுமையாக வரும், அடுத்தடுத்த கர்ப்பங்களில் குறையும். அம்மாவின் உடம்பு கர்ப்பத்துக்கு நடுவிலும் புதிதாகக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு நல்ல உதாரணம்.

நஞ்சுக்கொடியின் பேச்சு கருப்பைக்குள் மட்டும் நிற்பதில்லை. நுண்ணிய பைகளில் புரதங்களையும் ஆர்.என்.ஏ.வையும் கட்டி அம்மாவின் ரத்தத்தில் ஓயாமல் அனுப்புகிறது. அவற்றில் சில, எதிர்ப்பு செல்களின் தூண்டும் ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடுகின்றன. உதிரும் டி.என்.ஏ. துண்டுகளும் ரத்தத்தில் கலக்கின்றன. 1997-ல் டென்னிஸ் லோ இதைக் கண்டுபிடித்ததிலிருந்துதான் இன்று அம்மாவின் ரத்தத்தை எடுத்தே டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைச் சொல்லும் சோதனை வந்தது. அது பார்ப்பது குழந்தையின் டி.என்.ஏ. அல்ல, நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. இரண்டும் சில சமயம் வேறுபடும். அதனால்தான் பாசிட்டிவ் என்று வந்தால் பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்யச் சொல்கிறார்கள். டி.என்.ஏ. துண்டுகள் மட்டுமல்ல, குழந்தையின் சில செல்கள் முழுசாகவே அம்மாவிடம் வந்துவிடுகின்றன. ஆண் குழந்தை பெற்ற ஒரு தாயின் ரத்தத்தில் 27 ஆண்டுக்குப் பிறகும் ஆண் செல்கள் இருந்ததை 1996-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

தடுப்பூசிக்கு வருவோம். அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகும் பொருள்களில் எதிர்ப்பொருள்களுக்குத் தனி மரியாதை. ஐ.ஜி.ஜி. என்ற வகையை மட்டும் நஞ்சுக்கொடி ஒரு ஏற்பியால் பிடித்து, உள்ளே சுமந்து, குழந்தையின் பக்கம் இறக்கிவிடுகிறது. நான்காம் மாதவாக்கில் இது சொற்பமாகத் தொடங்கும், பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் இந்த வகை அம்மாவிடம் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சீர் பாதியில் நின்றுவிடுகிறது. எனவே டி.டி. ஊசியைக் கண்டிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்; அது உங்களுக்கு மட்டுமல்ல, பிறக்கும் குழந்தைக்கும் டெட்டனஸ் வராமல் காக்க. கக்குவான் இருமலும் சேர்ந்த ஊசி என்றால் 27 முதல் 36 வாரத்துக்குள் போடுவது நல்லது. இன்ஃப்ளூயன்சா ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். உயிருள்ள கிருமி கொண்ட தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் இப்போது கூடாது, பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழந்தைக்குத் தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் முடியும்வரை தள்ளிவைப்பதற்கும் உங்களிடமிருந்து போன எதிர்ப்பொருள்தான் காரணம். அது ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. 1907-லிருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இயங்கும் குன்னூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தடுப்பூசிக்குப் பயப்படலாமா?

எதிர்ப்பு சக்தி கூட்டும் பொடி, லேகியம் என்று கர்ப்பிணிகளிடம் விற்கிறார்கள். வாங்காதீர்கள். மேலே சொன்ன நுட்பமான ஏற்பாட்டில் எதைக் கூட்டப்போகிறார்கள்? அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கலாம். இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். அடுத்தடுத்துக் கரு கலைந்த தம்பதிகளிடம், ரத்தத்தில் கொல்லி செல் அதிகம் என்று ஒரு பரிசோதனையைக் காட்டி, நரம்பு வழியாக ஏற்றும் விலை உயர்ந்த மருந்துகளையும், கணவரின் வெள்ளை அணுக்களை எடுத்து மனைவிக்குப் போடும் ஊசியையும் விற்கும் மையங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் கொல்லி செல்லை எண்ணிக் கருப்பைக்குள் இருப்பதைச் சொல்ல முடியாது. கணவரின் அணுக்களைப் போடும் முறையை 1999-ல் முறையாகச் சோதித்தபோது பலன் இல்லை என்று தெரிந்தது. எதிர்ப்பு அமைப்பு சம்பந்தமாக உண்மையிலேயே தேட வேண்டியது, ரத்தம் உறைவதைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள். அது இருந்தால், உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உதவும்.

மாமியார் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு, ஆனால் அது குளிரில் இல்லை, காற்றில். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே மூச்சுக்கு மூச்சு கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கோத்தகிரியில் ஐந்தில் நான்கு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் அளவுக்குக் குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில், 3,100 மீட்டர் உயர ஊர்களில் ப்ரீஎக்லாம்ப்சியாவும் அதிகம். அதே உயரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் திபெத்தியருக்கும் ஆண்டீஸ் மலைவாசிகளுக்கும் எடை அவ்வளவு குறைவதில்லை; அவர்களின் கருப்பைத் தமனிகளில் ரத்தம் கூடுதலாக ஓடுகிறது. கோத்தகிரி உயரத்தில், ரத்தசோகை இல்லாமல், ஸ்கேனில் வளர்ச்சி சரியாக இருந்தால், காற்றுக்காகக் கீழே இறங்க வேண்டியதில்லை. ரோட்டுக்காக இறங்கலாம். பிரசவ நாள் ஐப்பசி, கார்த்திகையில் வந்து, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தால், மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடும்வரை காத்திருக்காமல் மருத்துவர் சொல்லும் வாரத்தில் முன்கூட்டியே கோயம்புத்தூர் பக்கம் போய்விடுவது புத்திசாலித்தனம். மாமியாரிடம் இப்படிச் சொன்னால் அவருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

கடைசியாக உங்கள் ஓ நெகட்டிவ். எதிர்ப்பு சக்தி தூங்கவில்லை என்பதற்கு ஆர்.ஹெச். பிரச்னையே சாட்சி. சிவப்பணுக்களின் மேல் ஆர்.ஹெச். டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். குழந்தை பாசிட்டிவாக இருந்து, அதன் சிவப்பணுக்கள் உங்கள் ரத்தத்தில் கசிந்தால், உங்கள் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும். கசிவு பெரும்பாலும் பிரசவத்தின்போது நடப்பதால் முதல் குழந்தை தப்பிவிடும். அடுத்த கர்ப்பத்தில் அந்த எதிர்ப்பொருள் ஐ.ஜி.ஜி. வகையாக இருப்பதால், தடுப்பூசியின் பலனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதே ஏற்பி இதையும் சுமந்து உள்ளே இறக்கிவிடும். குழந்தையின் சிவப்பணுக்கள் சிதையும். நஞ்சுக்கொடிக்கு நல்லது கெட்டது பார்க்கத் தெரியாது. குழந்தை பி வகையாக இருந்தால் உங்களுக்குச் சின்ன அனுகூலம்: ஓ வகையினரிடம் இயல்பாகவே இருக்கும் பி எதிர்ப்பொருள், கசிந்து வந்த செல்களை உடம்பு கவனிக்கும் முன்னே அழித்துவிடும். பிறந்த பின் லேசான மஞ்சள்காமாலை வரலாம், பெரும்பாலும் மருத்துவமனையின் விளக்கு வெளிச்ச சிகிச்சையிலேயே சரியாகும். ஆனால் இந்த அனுகூலத்தை நம்பி உட்கார வேண்டாம்.

உங்கள் உடம்பு அந்த எதிர்ப்பொருளைத் தயாரிக்காமல் தடுக்க 1960-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த ஆன்டி-டி ஊசி இந்தச் சிக்கலை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. முதலில், அந்த எதிர்ப்பொருள் உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் என்ற பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று உங்கள் அட்டையில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கேளுங்கள். அது நெகட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் 300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று. நடுவில் ரத்தப்போக்கு இருந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ வாரம் பார்க்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள், அப்போதும் இந்த ஊசி தேவைப்படலாம். பிரசவமானதும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் வகையைப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி. எந்த மருத்துவமனைக்குப் போகிறீர்களோ அங்கே ஊசி இருப்பில் இருக்கிறதா என்று எட்டாம் மாதத்திலேயே விசாரித்து வையுங்கள். குழந்தை நெகட்டிவ் என்றால் அந்த இரண்டாவது ஊசி வேண்டாம்.